கிணற்றடியில் தேடிய வாழ்க்கைத்துணை



நம் வீடுகளில் பிள்ளையின் படிப்பு முடிந்து ஒரு வேலையும் அமைந்துவிட்டால், அடுத்த பேச்சு என்ன என்பது நமக்குத் தெரியும். வரன் தேடத் தொடங்குகிறோம். தரகரிடம் சொல்லி வைக்கிறோம். திருமணத் தகவல் மையத்தில் பதிவு செய்கிறோம். வாட்ஸ்அப்பில் பயோடேட்டா போகிறது, வருகிறது. அந்தப் பயோடேட்டாவை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பார்ப்போம். உயரம், நிறம், படிப்பு, மாதச் சம்பளம், சொந்த வீடு, உடன்பிறந்தவர்களுக்குத் திருமணம் ஆகிவிட்டதா என்பது வரை எல்லாம் இருக்கும். "கிறிஸ்தவர், ஆர்.சி." என்று ஒரு வரி இருக்கும். அதற்கு அடுத்த வரியிலேயே சாதி இருக்கும். நம் விசுவாசத்துக்கு அங்கே கிடைத்த இடம் அந்த ஒரு வரிதான்.

இவர் செபிக்கிறவரா? கோபம் வந்தால் எப்படி நடந்துகொள்வார்? வயதான பாட்டியிடம் எப்படிப் பேசுவார்? மன்னிப்புக் கேட்கத் தெரிந்தவரா? இவற்றுக்கு எந்தப் பயோடேட்டாவிலும் கட்டம் கிடையாது. ஆனால் திருமணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு, நாற்பது ஐம்பது ஆண்டுகள் நம் பிள்ளை வாழப்போவது இந்தக் குணங்களோடுதான்.

அப்படியானால் இறைப்பற்றுள்ள ஒரு வாழ்க்கைத்துணையை எப்படித் தேடுவது? எதைப் பார்த்து அடையாளம் காண்பது? இதற்கு விவிலியம் ஒரு நீண்ட அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறது. தொடக்கநூல் 24ஆம் அதிகாரம். 67 வசனங்கள். தொடக்கநூலிலேயே மிக நீளமான அதிகாரம் இதுதான். உலகத்தைக் கடவுள் படைத்த வரலாறு முதல் அதிகாரத்தில் 31 வசனங்களில் முடிந்துவிடுகிறது. ஒரு மகனுக்குப் பெண் தேடிய கதைக்கு அதைப்போல் இரண்டு மடங்கு இடம்! நம் வீட்டில் நடக்கும் இந்தத் தேடல் கடவுளுக்கும் முக்கியமானது என்பதற்கு இதுவே சாட்சி.

கதை நமக்குத் தெரிந்ததுதான். ஆபிரகாம் முதிர்ந்த வயதினர். சாரா இறந்துவிட்டார். மகன் ஈசாக்குக்குப் பெண் தேட, தம் வீட்டின் மூத்த பணியாளரை அனுப்புகிறார். அவருடைய பெயர் அந்த அதிகாரத்தில் இல்லை. பத்து ஒட்டகங்களோடு நெடும் பயணம் செய்து, மாலை நேரத்தில், பெண்கள் தண்ணீர் எடுக்க வரும் கிணற்றடிக்கு வந்து சேர்கிறார்.

முதலாவதாக, அவர் செய்தது என்ன? ஊருக்குள் போய்ப் பெரிய வீடு எது என்று விசாரிக்கவில்லை. ஒட்டகங்களை மண்டியிடச் செய்துவிட்டு, அங்கேயே நின்று செபித்தார். விவிலியத்தில் ஒருவர் தமக்கு வழிகாட்டுமாறு கேட்கும் அழகான செபங்களில் இதுவும் ஒன்று. நாமும் செபிக்கிறோம். ஆனால் எப்போது? எல்லாவற்றையும் பேசி முடித்து, மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு, "சாமி, நல்லபடியா நடக்கணும்" என்று வேளாங்கண்ணிக்குப் போகிறோம். முடிவை நாம் எடுத்துவிட்டு, முத்திரையை மட்டும் கடவுளிடம் கேட்கிறோம். வேறு சிலர் இன்னொரு தவறும் செய்கிறோம். ஞாயிற்றுக்கிழமை திருப்பலி, திங்கட்கிழமை சோதிடரிடம் பொருத்தம். கோயிலுக்குத் தெரியாமல் ஜாதகம் பார்க்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் உண்டு என்பது நமக்குத் தெரியும். நம் வாழ்வைக் கட்டளையிடுவது கோள்கள் என்று நம்பினால், நாம் ஞாயிறுதோறும் அறிக்கையிடும் விசுவாசத்துக்கு என்ன பொருள்?

இரண்டாவதாக, அந்தப் பணியாளர் எந்த அடையாளத்தைக் கேட்டார் என்று கவனிப்போம். அழகைக் கேட்கவில்லை. ரெபேக்கா அழகானவர் என்று விவிலியம் சொல்கிறது. ஆனால் அவருடைய செபத்தில் அது இல்லை. செல்வத்தையும் கேட்கவில்லை. நான் குடிக்கத் தண்ணீர் கேட்கும்போது, கேளாமலே என் ஒட்டகங்களுக்கும் தண்ணீர் தர முன்வரும் பெண்ணே நீர் தேர்ந்துகொண்டவள் என்று அறிந்துகொள்வேன் என்பதுதான் அவர் வைத்த அடையாளம்.

இதைச் சாதாரணமாக வாசித்துவிட்டுப் போகிறோம். சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நெடுந்தூரம் நடந்து தாகத்தோடு வந்த ஓர் ஒட்டகம் ஒரே தடவையில் நூறு லிட்டர் அளவுக்குக்கூடத் தண்ணீர் குடிக்கக் கூடியது. அங்கே நின்றவை பத்து ஒட்டகங்கள். ரெபேக்காவிடம் இருந்ததோ ஒரு குடம். நீரூற்றில் இறங்கி, குடத்தை நிரப்பி, ஏறி வந்து, தொட்டியில் ஊற்றி, மறுபடியும் ஓடி, மறுபடியும் மொண்டு... அந்த மாலையில் அவர் எத்தனை முறை போய்வந்திருப்பார்! குழாயடியில் நின்று குடம் சுமந்த நம் தாய்மாருக்கு அந்த உழைப்பு என்னவென்று தெரியும். வந்தவர் யார் என்று ரெபேக்காவுக்குத் தெரியாது. தன்னைப் பெண் பார்க்க வந்திருக்கிறார் என்று தெரியாது. அவரிடம் பொன் இருக்கிறது என்பதும் தெரியாது. பணியாளரோ ஒன்றும் பேசாமல் அவரைக் கவனித்துக்கொண்டே இருந்தார் என்று விவிலியம் சொல்கிறது.

அன்பர்களே, துணை தேடும் கலை முழுவதும் இதற்குள் இருக்கிறது. ஒருவர் தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது எப்படி இருக்கிறாரோ, அதுதான் அவர். பெண் பார்க்கும் நாளில் எல்லாரும் நல்லவர்கள்தான். பட்டுப்புடவையும் புதுச் சட்டையும் பலகாரத் தட்டும் சூழ்ந்திருக்கையில் யாருடைய குணமும் தெரியாது. தனக்கு எந்த லாபமும் தர முடியாத ஒருவரிடம் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பாருங்கள். அங்கேதான் நம் கிணற்றடி.

"பெண்ணுக்கு மட்டுந்தானா இந்தச் சோதனை?" என்று நம் சகோதரிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆணுக்கும் விவிலியம் ஓர் இடத்தைக் காட்டுகிறது. அது வயல். ரூத்து நூல் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். போவாசு நிலக்கிழார். வயலுக்கு வந்ததும் கூலியாள்களை ஆண்டவரின் பெயரால் வாழ்த்துகிறார். சிந்திய கதிரைப் பொறுக்க வந்த ரூத்து ஓர் ஏழை, கைம்பெண், அயல்நாட்டவர். அவரை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று வேலையாள்களுக்குக் கட்டளையிடுகிறார். கட்டிய கதிர்க்கட்டுகளிலிருந்தும் சிலவற்றை வேண்டுமென்றே உருவிப் போடச் சொல்கிறார். பொறுக்குகிறவரை அதட்டக் கூடாது என்றும் சொல்கிறார். உதவி செய்வதோடு, உதவி பெறுகிறவரின் மானத்தையும் காப்பாற்றுகிறார். மாப்பிள்ளை தேடும் பெற்றோரே, சம்பளச் சீட்டைக் கேட்கும் நாம், தன்கீழ் வேலை செய்கிறவர்களிடம் இவர் எப்படிப் பேசுகிறார் என்று கேட்டதுண்டா? உணவகத்தில் மேசை துடைக்கும் சிறுவனிடம், ஆட்டோ ஓட்டுநரிடம், தன் தங்கையிடம் பேசும் குரலில்தான் நாளை மனைவியிடமும் பேசுவார்.

ரூத்தைப் பற்றிப் போவாசு அறிந்துகொண்டதும் ஊரார் சொல்லித்தான். மாமியார் நகோமிக்கு ரூத்து செய்தவை அனைத்தும் தன் காதுக்கு எட்டியதாக அவரே சொல்கிறார். ஆகவே விசாரியுங்கள். ஆனால் சரியானதை, சரியானவர்களிடம் விசாரியுங்கள். அவர்களுடைய அன்பியத்தில் கேளுங்கள். பங்குத்தந்தையிடம் கேளுங்கள். மதுப்பழக்கம் உண்டா, கடன் உண்டா, கைநீட்டும் பழக்கம் உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். "கல்யாணம் ஆனால் திருந்திவிடுவான்" என்று ஒரு பெண்ணின் வாழ்வைப் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை. திருமணம் ஓர் அருளடையாளம். குடிநோய்க்கான மருத்துவமனை அன்று.

இங்கே பொன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிணற்றடியில் பொன் வருகிறது. பொன் மூக்கணியும் இரண்டு காப்புகளும். எடை கூடச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பொன் எந்தத் திசையில் போகிறது? மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண்ணுக்குப் போகிறது. அதுவும் ஒட்டகங்கள் குடித்து முடித்த பிறகு, ஓர் அன்பளிப்பாகப் போகிறது. நாமோ பேச்சைத் தொடங்கும்போதே "எத்தனை பவுன்?" என்று தொடங்குகிறோம். "நாங்கள் எதுவும் கேட்கவில்லை, அவர்கள் பெண்ணுக்குச் செய்வதைச் செய்யட்டும்" என்ற நயமான வாக்கியத்துக்குள் எத்தனை தந்தையரின் தூக்கம் தொலைந்திருக்கிறது! வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் சட்டப்படி குற்றம். திருச்சபையின் பார்வையில் அது பாவம். கடனில் மூழ்கிய ஒரு தகப்பனின் கண்ணீரின்மேல் எந்த இல்லத்தையும் கட்டிவிட்டு, அதற்குக் குருவானவரை அழைத்து மந்திரிக்கச் சொல்வதில் என்ன ஆசி இருக்க முடியும்?

சாதியைப் பற்றியும் பேசியாக வேண்டும். "ஆபிரகாமே சொந்தத்தில்தானே பெண் தேடச் சொன்னார்?" என்று விவிலியத்தைக் கையில் வைத்துக்கொண்டே வாதிடுகிறவர்கள் உண்டு. உண்மைதான், தம் உறவினரிடம் போகச் சொன்னார். ஆனால் கானான் நாட்டவரோடு மணஉறவு வேண்டாம் என்பதற்குக் காரணம் என்ன என்று இணைச்சட்ட நூல் 7ஆம் அதிகாரம் விளக்குகிறது: பிள்ளைகள் வேறு தெய்வங்களின் பின்னே போய்விடக் கூடாது என்பதே அது. கவலை விசுவாசத்தைப் பற்றியது. அதே விவிலியத்தில், மோவாபியப் பெண்ணாகிய ரூத்து, ஆண்டவரைத் தம் கடவுளாக ஏற்றுக்கொண்டதும் தாவீது அரசரின் கொள்ளுப்பாட்டி ஆகிறார். மத்தேயு எழுதிய நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், நம் ஆண்டவரின் மூதாதையர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. இயேசுவின் குடும்ப வரலாற்றுக்குள் வர முடிந்த மருமகள், நம் வீட்டு வாசலில் மட்டும் நிற்கக் கூடாதா? திருமுழுக்குப் பெற்றவர்கள் அனைவரும் கிறிஸ்துவை அணிந்துகொண்டவர்கள் என்று புனித பவுல் கலாத்தியருக்கு எழுதுகிறார். ஒரே பீடத்தில் ஒரே அப்பத்தை உண்டுவிட்டு, "ஆனால் பெண் எடுக்க மாட்டோம்" என்று சொல்லும்போது, நாம் உண்ட அப்பத்தையே மறுதலிக்கிறோம்.

விசுவாசத்தில் ஒன்றாக இருப்பது பெரும் வரம். ஒரே கடவுளிடம் சேர்ந்து முழங்காலிடும் கணவன் மனைவிக்கு, வாய்ச்சண்டை முடிந்த இரவிலும் ஒரு சந்திப்பு இடம் இருக்கும். அதைத் தேடச் சொல்லித்தான் நம் இளையோரைக் கேட்டுக்கொள்கிறோம். அதே வேளையில், பிற சபையினரையோ பிற சமயத்தினரையோ மணம் செய்ய விரும்புகிறவர்களுக்குத் திருச்சபை கதவைச் சாத்திவிடுவதில்லை. ஆயரின் அனுமதியோ விதிவிலக்கோ பெற்று, தம் விசுவாசத்தைக் காத்துக்கொள்ளவும், பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு அளித்துக் கத்தோலிக்கராக வளர்க்க இயன்றதைச் செய்யவும் வாக்களித்து மணம் செய்ய வழி இருக்கிறது. அப்படிப்பட்ட சூழலில் இருக்கும் பிள்ளைகள் வெட்கப்பட்டு ஒதுங்காமல், தொடக்கத்திலேயே பங்குத்தந்தையிடம் வந்து பேச வேண்டும்.

மூன்றாவதாக, உண்மை. தோபித்து நூலில் தோபியா, சாராவை மணம் முடிக்கக் கேட்கிறார். பெண்ணின் தந்தை இரகுவேல் என்ன செய்கிறார்? தம் மகளை இதற்குமுன் ஏழு பேருக்கு மணமுடித்துக் கொடுத்ததையும், ஏழு பேரும் அன்றிரவே இறந்துபோனதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறார். எந்தத் தகப்பனுக்கு அதைச் சொல்லத் துணிவு வரும்? சொன்னால் இந்த வரனும் போய்விடுமே! ஆனாலும் சொன்னார். தோபியாவும் அறிந்தே ஏற்றுக்கொண்டார். நாமோ "இதைச் சொன்னால் சம்பந்தம் கைநழுவிவிடும்" என்று நோயை மறைக்கிறோம், கடனை மறைக்கிறோம், வேலை போனதை மறைக்கிறோம். இல்லற வாழ்வைப் பெரிதும் பாதிக்கக்கூடிய ஒரு குறையை வஞ்சகமாக மறைத்துப் பெறப்பட்ட சம்மதம் செல்லாது என்று திருச்சபைச் சட்டம் எண் 1098 சொல்கிறது. பொய்யின்மேல் நடந்த திருமணம் பின்னர் மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்தில் காகிதங்களாக வந்து நிற்கும்போது, இரு குடும்பங்களும் படும் வேதனை கொஞ்சமல்ல. சொல்லி ஏற்கப்பட்ட குறை வீட்டைக் குலைக்காது. மறைத்து வெளிப்பட்ட குறைதான் குலைக்கும்.

நான்காவதாக, கிணற்றடிக் கதையின் முடிவுக்கு வருவோம். பெண்ணின் அண்ணன் லாபானும் வீட்டாரும் சம்மதித்துவிட்டார்கள். அன்பளிப்புகள் கொடுத்தாயிற்று, விருந்தும் முடிந்தது. மறுநாள் காலை, பணியாளர் உடனே புறப்பட வேண்டும் என்கிறார். அப்போது அந்த வீட்டார் ஒரு நல்ல காரியம் செய்கிறார்கள். பெண்ணைக் கூப்பிட்டு அவருடைய வாயாலேயே கேட்போம் என்று சொல்லி, ரெபேக்காவை அழைத்து, இவரோடு போகிறாயா என்று கேட்கிறார்கள். போவதாக அவர் பதில் சொல்கிறார். அதன் பிறகே பயணம் தொடங்குகிறது. ஆபிரகாமும் முன்னரே, அந்தப் பெண் வர விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம், உன் ஆணையிலிருந்து நீ விடுபடுவாய் என்று பணியாளரிடம் சொல்லியிருந்தார்.

ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கூடார வாழ்க்கையில் ஒரு பெண்ணிடம் கேட்டார்கள். நாம் கேட்கிறோமா? திருமண ஓலை வாசிப்பதற்கு முன் மணமகனையும் மணமகளையும் தனித்தனியே அமரவைத்து, முழு மனத்தோடுதான் வருகிறீர்களா என்று குருக்கள் கேட்பது வெறும் படிவம் நிரப்பும் சடங்கு அன்று. திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதமே. உலகில் வேறு எவரும் அவர்களுக்குப் பதிலாக அதைத் தர முடியாது என்று திருச்சபைச் சட்டம் எண் 1057 கூறுகிறது. அச்சுறுத்தியோ கட்டாயப்படுத்தியோ பெற்ற சம்மதம் சம்மதமே ஆகாது. அம்மா விஷம் குடிப்பேன் என்றார், அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார் என்பதற்காகத் தலையசைக்கும் பிள்ளைகள் நம் பங்குகளில் இன்றும் உண்டு. பெற்றோரே, பந்தக்கால் நட்ட பிறகு கேட்காதீர்கள். இன்றே கேளுங்கள். "வேண்டாம்" என்ற பதிலையும் கேட்கும் மனதோடு கேளுங்கள். பிள்ளைகளே, சொல்ல வேண்டியதைப் பீடத்துக்கு முன் வந்து நிற்கும்வரை தள்ளிப்போடாதீர்கள். குருவானவரிடம் தனியாகச் சொல்லலாம். அந்த அறையில் சொன்னதற்காக உங்களை யாரும் அவமானப்படுத்த விடமாட்டோம்.

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களில் சிலர் மனத்தில் வேறொரு பாரம் இருக்கும். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வரன் அமையவில்லை. உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போகவே பயமாக இருக்கிறது. போனால் அந்த ஒரே கேள்வி. உங்களுக்கு ஒரு செய்தி: ரெபேக்காவை மணந்தபோது ஈசாக்குக்கு வயது 40 என்று தொடக்கநூல் 25ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்த மாலையில் அவர் வயல்வெளியில் சிந்தனையில் ஆழ்ந்து தனியே இருந்தார். கண்களை உயர்த்தியபோது ஒட்டகங்கள் வருவதைக் கண்டார். காத்திருப்பு கடவுளின் மறதி அன்று. புனித குழந்தை தெரேசாவின் பெற்றோர் லூயி மார்ட்டினும் செலியும் கூட முதலில் துறவறத்தையே நாடினார்கள். இருவரையும் துறவற இல்லங்கள் ஏற்கவில்லை. மூடிய இரண்டு கதவுகளுக்குப் பின் 1858இல் அவர்கள் மணம் புரிந்தார்கள். ஒன்பது பிள்ளைகள் பிறந்தார்கள், நால்வரைச் சிறு வயதிலேயே இழந்தார்கள். ஐந்து மகள்கள் துறவியராயினர். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் இருவரையும் ஒன்றாகப் புனிதராக உயர்த்தினார். திருமணமே அமையாதவரின் வாழ்வும் கடவுளின் கையில் குறைபட்ட வாழ்வு ஆகாது. அவர்களைப் பார்த்து "ஏன் இன்னும்?" என்று கேட்கும் பழக்கத்தை, இந்த மறையுரையைக் கேட்ட நாமாவது விட்டுவிடுவோம்.

இறுதியாக ஒன்று. நல்ல துணையைத் தேடும் நாம், தேடப்படும் அளவுக்கு நல்ல துணையாக இருக்கிறோமா? ரெபேக்கா அன்று கிணற்றடியில் திடீரென்று நல்லவராக மாறவில்லை. கேளாமலே கொடுக்கும் பழக்கம் முன்பே அவர் கையில் இருந்தது. இளையோரே, இன்று உங்கள் வீட்டில் அம்மா சுமக்கும் குடத்தைப் பாதியில் வாங்கிக்கொள்ளும் கைதான் நாளை ஒரு நல்ல கணவனின் கை, நல்ல மனைவியின் கை. தயவுசெய்து, நன்றி, மன்னித்துவிடு என்னும் மூன்று சொற்களும் குடும்பத்துக்கு வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் அடிக்கடி நினைவூட்டினார். அவற்றை இன்றே உடன்பிறந்தோரிடம் சொல்லிப் பழகினால், நாளை துணைவரிடம் சொல்ல நாக்குத் தயங்காது.

தோபியாவும் சாராவும் தங்கள் முதல் இரவில் எழுந்து நின்று, இருவரும் சேர்ந்து செபித்தார்கள்; ஒன்றாக முதுமை அடையும் வரத்தைக் கேட்டார்கள். அந்தச் செபத்தில் நம் பிள்ளைகளுக்காக நாமும் இணைவோம்.

எங்கள் தந்தையே இறைவா, ஈசாக்குக்கு ரெபேக்காவைக் காட்டிய நீர், துணை தேடும் எங்கள் பிள்ளைகளின் வழிகளை நடத்தியருளும். பொன்னையும் சாதியையும் அளந்து பழகிய எங்கள் கண்களுக்கு, குணத்தைக் காணும் பார்வையைத் தாரும். காத்திருப்போருக்குப் பொறுமையையும், பெற்றோருக்குப் பிள்ளைகளின் குரலைக் கேட்கும் மனத்தையும் அருளும். கானாவூர்த் திருமண வீட்டில் குறையைக் கண்டு மகனிடம் பரிந்து பேசிய அன்னை மரியா எங்கள் இல்லங்களுக்காகவும் பரிந்து பேசுவாராக. எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.